தறியும் பஞ்சமும்



நம் வரலாற்றுப் பாடநூல்களில் போர்களுக்குப் பல பக்கங்கள் உண்டு. பஞ்சங்களுக்குச் சில வரிகளே உண்டு. பானிப்பட்டுப் போர்கள் நடந்த ஆண்டுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் மாணவன், தாது வருஷப் பஞ்சம் எந்த ஆண்டில் வந்தது என்று கேட்டால் விழிக்கிறான். ஆனால் அந்தப் போர்கள் அனைத்திலும் மாண்டவர்களைக் கூட்டினாலும், அந்த ஒரு பஞ்சத்தில் மாண்டவர் தொகைக்கு ஈடாகாது. போரில் மாண்டவனுக்கு நடுகல் நாட்டினர் நம் முன்னோர். பசியில் மாண்டவனுக்கு நடுகல் இல்லை. அவனை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு வகுப்பறையைச் சார்ந்தது என்பது என் கருத்து.

காஞ்சிபுரத்தில் பல ஆண்டுகள் வரலாற்று ஆசிரியனாகவும், பிறகு தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன் நான். என் வகுப்பில் அமர்ந்த பிள்ளைகளில் பலர் தறி ஓடும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். பஞ்சத்தைப் பற்றிய பாடம் தொடங்கியவுடன் அவர்களுக்குள் எழும் முதல் ஐயம் ஒன்று உண்டு: "மழை பெய்யாவிட்டால் உழவர் துன்புறுவர், அது விளங்குகிறது. நெசவாளருக்கு அதனால் என்ன? தறிக்கு மழை வேண்டியதில்லையே?" நல்ல கேள்வி இது. பஞ்சம் என்பதன் உண்மையான பொருள் இந்தக் கேள்வியின் விடைக்குள்ளேதான் இருக்கிறது. ஆகவே அந்த விடையை நோக்கியே இன்றைய பேச்சைக் கொண்டு செல்ல விரும்புகிறேன்.

காஞ்சிக்கும் பசிக்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. மணிமேகலைக் காப்பியத்தில் காஞ்சி மாநகர் மழையின்றி வாடிக் கிடந்தபோது, மணிமேகலை அங்கே வந்து, அமுதசுரபி என்னும் அட்சய பாத்திரத்தைக் கொண்டு ஊராரின் பசிப்பிணியைத் தீர்த்தாள் என்று சாத்தனார் பாடியிருக்கிறார். அந்தப் புலவரைக் கூலவாணிகர் என்று மரபு கூறுகிறது. கூலம் என்றால் தானியம். தானியம் விற்கும் வணிகர் ஒருவரே பசியைப் பிணி என்று பெயரிட்டுப் பாடினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இரு நாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறங்களையும் காமாட்சியம்மை வளர்த்தாள் என்பதும் இவ்வூர் வழங்கும் வரலாறு. கோயில் நகரத்தின் நினைவில் அன்னமே முதல் அறமாக நின்றது.

அறத்தைப் போற்றியதோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை, ஏற்பாடும் செய்தனர். பாலாறு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஆகாது; வடகிழக்குப் பருவமழையை ஏரிகளில் தேக்கியே தொண்டை நாடு உயிர் வாழ்ந்தது. காஞ்சிக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுவன என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அக்கல்வெட்டுகள் கூறும் வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைக் காப்பது ஊராட்சியின் கடமை என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்த நாடு இது. அந்தக் குடிமராமத்து முறை ஆங்கிலக் கம்பெனி ஆட்சியில் தளர்ந்து போயிற்று என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுவர்.

இனித் தாது வருஷத்துக்கு வருவோம். அறுபது ஆண்டுச் சக்கரத்தில் தாது என்பது 1876-ஆம் ஆண்டு சித்திரையில் தொடங்கி 1877-ஆம் ஆண்டு பங்குனியில் முடிந்த ஆண்டு. 1876-ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. ஏரிகள் வறண்டன. பஞ்சம் அடுத்து வந்த ஈசுர வருஷத்திலும் நீடித்தது. சென்னை இராஜதானி, மைசூர், பம்பாய், ஐதராபாத் ஆகிய பகுதிகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 80 லட்சம் வரை மாண்டிருக்கலாம் என்று கணக்கிடுவோரும் உளர். சென்னை இராஜதானியின் மக்கள்தொகை 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 3 கோடியே 12 லட்சம். பத்து ஆண்டு கழித்து 1881-ஆம் ஆண்டில் சுமார் 3 கோடியே 8 லட்சம். பெருகியிருக்க வேண்டிய மக்கள்தொகை சுருங்கியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டு இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். இன்றும் கிழவிகள் வாயில் தாது வருஷக் கும்மிப் பாட்டுகள் எஞ்சி நிற்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

இப்போது கேள்விக்கு விடை தேடுவோம். நான் வகுப்பில் இதனைச் சொல்லி விளக்குவதில்லை. கரும்பலகையில் ஒரு கணக்காகப் போடுவேன். எண்கள் பாடத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்கின் போக்கு மட்டும் உண்மையானது.

ஒரு நெசவாளிக் குடும்பம் மாதம் 6 ரூபாய் ஈட்டுகிறது என்று கொள்வோம். ரூபாய்க்கு 10 படி அரிசி விற்கிறது. அவர்களுக்கு மாதம் 40 படி வேண்டும். 4 ரூபாயில் அரிசி வாங்கி, மீதி 2 ரூபாயில் உப்பும் எண்ணெயும் விறகும் வாங்கிப் பிழைத்து வருகிறார்கள். அடுத்த ஆண்டு மழை பொய்க்கிறது. நாட்டில் விளைச்சல் பாதியாகிறது. வணிகர் சிலர் இன்னும் விலை ஏறட்டும் என்று மூட்டைகளைப் பூட்டி வைக்கின்றனர். ரூபாய்க்கு 10 படி விற்ற அரிசி 4 படியாகிறது. பழைய வருவாயான 6 ரூபாயையும் முழுவதும் அரிசிக்கே செலவிட்டாலும் 24 படிதான் கிடைக்கும்.

துன்பம் இத்துடன் முடியவில்லை. அரிசி விலை ஏறிய ஆண்டில் ஊரார் முதலில் நிறுத்தும் செலவு எது? புதுத் துணி. உழவன் வீட்டில் விளைச்சல் இல்லை; திருமணங்கள் தள்ளிப் போகின்றன; தீபாவளிக்குக் கூடத் துணி எடுப்பார் இல்லை. துணி தேங்கவே, முதலாளி நூல் கொடுப்பதை நிறுத்துகிறார். 6 ரூபாய் வருவாய் 2 ரூபாயாகச் சுருங்குகிறது. 2 ரூபாய்க்கு 8 படி. 40 படி வேண்டிய வீட்டில் 8 படி! நாட்டில் விளைச்சல் பாதியாகத்தான் குறைந்தது. இந்த வீட்டு உலையில் அது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

கணக்கு இந்த இடத்துக்கு வரும்போது வகுப்பு தானாக அமைதியடையும். தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு மேலே நடப்பது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதலில் பித்தளைப் பாத்திரம் அடகுக்குப் போகும். பருத்தி நெய்யும் வீட்டில் பாவுக்கும் கஞ்சி வேண்டும், பிள்ளைக்கும் கஞ்சி வேண்டும், பாவு காத்திருக்கும். கடைசியில் தறி மரமே விலைக்கோ விறகுக்கோ போய்விடும். உழவனுக்காவது மழை திரும்பினால் நிலம் திரும்புகிறது. தறியை விற்றுவிட்டவனுக்கு மழை வந்தாலும் தொழில் திரும்பாது. பஞ்சத்தில் நெசவாளி நெல் விளையாததால் மட்டும் சாவதில்லை. நெல்லை வாங்கும் வழி அடைபட்டதால் சாகிறான்.

"நெல் இருந்த ஊரிலிருந்து நெல் இல்லாத ஊருக்குக் கொண்டுவர அக்காலத்தில் வசதி இல்லை போலும்" என்று நீங்கள் கேட்கலாம். வசதி இருந்தது. அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்கு 1865-ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை போடப்பட்டுவிட்டது. அரக்கோணம் சென்னையோடு இருப்புப்பாதையால் இணைந்திருந்தது. பஞ்ச காலத்தில் வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல் கப்பலாக அரிசி சென்னைக் கடற்கரையில் வந்து இறங்கி, மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டுக் கிடந்தது. ஆனால் தானியத்துக்குக் கண் கிடையாது. பசி எங்கே மிகுதி என்று பார்த்து அது பயணம் செய்வதில்லை. பணம் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பயணம் செய்கிறது. இருப்புப்பாதை நெல்லை ஓர் ஊருக்குக் கொண்டுவரவும் செய்யும். விலை கூடுதலாக உள்ள வேறோர் ஊருக்குக் கொண்டுபோகவும் செய்யும். அதே ஆண்டுகளில் இந்தியாவின் கோதுமை இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக் கொண்டுதான் இருந்தது.

அப்படியானால் அரசாங்கம் என்ன செய்தது? அப்போது வைசிராயாக இருந்தவர் லிட்டன் பிரபு. சென்னைக் கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். சென்னை அரசாங்கம் தானே முன்வந்து 30,000 டன் தானியம் வாங்க முற்பட்டபோது, அது வணிகத்தில் தலையிடுவதாகும் என்று மேலரசாங்கம் கடிந்துகொண்டது. விலையை வணிகமே சரிசெய்துகொள்ளும் என்பது அக்காலத்துப் பொருளாதாரக் கொள்கை. 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று தில்லியில் விக்டோரியா மகாராணியாரைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் வெகு ஆடம்பரமாக நடந்தது. அப்போது தெற்கே மக்கள் மாண்டுகொண்டிருந்தனர்.

அந்த மாதமே செலவைக் கட்டுப்படுத்தும் பொருட்டு சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னைக்கு அனுப்பப்பட்டார். இவர் கல்நெஞ்சர் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டால் வரலாறு விளங்காது. 1874-ஆம் ஆண்டில் பீகாரில் பஞ்சம் வந்தபோது, இதே டெம்பிள் பர்மாவிலிருந்து ஏராளமான அரிசியை வரவழைத்து மக்களைக் காப்பாற்றினார். பசியால் இறந்தவர் மிகச் சிலரே. அதற்குக் கிடைத்த பரிசு, அரசாங்கப் பணத்தை வீணாக்கினார் என்னும் பழி. அந்தப் பழிக்கு அஞ்சியவர் போலச் சென்னையில் அவர் நேர் எதிராக நடந்தார். நிவாரண வேலையில் கல் உடைக்கும் ஆடவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்துக்குரிய கூலியும் சிறு காசும் போதும் என்று விதித்தார். சென்னையின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் மனிதனுக்கு அது போதாது என்றும், சிறைக் கைதிக்குக் கிடைக்கும் உணவு அதனினும் மிகுதி என்றும் வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் இறந்தவர் இறந்தனர். ஓர் ஆங்கில அதிகாரி விதித்ததை இன்னோர் ஆங்கில அதிகாரியே மறுத்தார் என்பதை மாணவர் அறிய வேண்டும். அக்காலத்தில் வேறு வழி எவருக்கும் தெரியாது என்று சொல்ல இடமில்லை. தெரிந்தவர் இருந்தனர், எழுதியும் வைத்தனர்.

அந்த நிவாரண வேலைகளின் அடையாளம் ஒன்று இன்றும் சென்னையில் இருக்கிறது. கூவம் ஆற்றையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877, 1878-ஆம் ஆண்டுகளில் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதற்குக் கவர்னர் பெயர் சூட்டப்பட்டது; பக்கிங்காம் கால்வாய் என்கிறோம். மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

நெசவாளர் இந்த வேலைகளுக்குப் போகத் தயங்கினர். சோம்பல் காரணம் அன்று. கல் உடைத்துக் காய்த்துப்போன விரல் மெல்லிய இழையைப் பிடிக்காது. உயிரைக் காக்கப் போய்த் தொழிலை இழப்பதா என்பது அவர்களது அச்சம். இதனை உணர்ந்த அதிகாரிகள் சில இடங்களில் நெசவாளருக்கு நூல் கொடுத்து, நெய்த துணியை அரசாங்கமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தனர். பஞ்சம் தீர்ந்த பின் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழு 1880-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. நாட்டில் உணவே இல்லாமற் போனது சாவுக்குக் காரணம் அன்று, வேலையும் கூலியும் இல்லாமற் போனதே பெருங்காரணம் என்னும் கருத்து அதில் இடம்பெற்றது. அதன் பயனாகப் பஞ்ச விதித்தொகுப்புகள் இயற்றப்பட்டன. அவற்றில் நெசவாளர்க்கு அவர்தம் தொழில் வழியே உதவி செய்வதும் ஒரு விதியாயிற்று. நம் கரும்பலகைக் கணக்கை அரசாங்கம் 50 லட்சம் உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

இந்தப் பாடம் நம் நாட்டுக்கு மட்டும் உரியது அன்று. தாது வருஷத்தில் இங்கே மழை பொய்த்த அதே காலத்தில் வட சீனத்திலும், பிரேசில் நாட்டின் வடகிழக்கிலும் வானம் வறண்டது. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறும் எல்நினோ என்னும் நிகழ்ச்சியே இதற்குக் காரணம் என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. அதற்கு முன் 1845-ஆம் ஆண்டு முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்தபோது, ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். அந்த ஆண்டுகளிலும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து உணவுப் பொருள்கள் வெளியேறிக்கொண்டே இருந்தன. 1943-ஆம் ஆண்டில் வங்காளத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டனர். போர்க்காலப் பணவீக்கத்தால் அரிசி விலை ஏற, மீனவரும், நாவிதரும், நிலமற்ற கூலிகளும் தம் உழைப்பை விற்று அரிசி வாங்க இயலாது வீழ்ந்தனர். அப்போது வங்காளத்தில் சிறுவனாக இருந்து அந்தக் காட்சிகளைக் கண்ட அமார்த்திய சென், 1981-ஆம் ஆண்டில் வறுமையும் பஞ்சமும் பற்றிய நூலை எழுதினார். உணவு இருக்கிறதா என்று மட்டும் கேட்பது போதாது, அந்த உணவைப் பெறும் வழி மனிதனுக்கு இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்று அவர் நிறுவினார். 1998-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செய்தித்தாள்கள் சுதந்திரமாக எழுதவும், மக்கள் வாக்களித்து ஆட்சியை மாற்றவும் இயலும் நாட்டில் பெரும் பஞ்சம் வருவதில்லை என்பதும் அவர் எடுத்துக்காட்டிய உண்மை.

விடுதலைக்குப் பின் நம் வரலாறு இதற்குச் சான்று. 1952, 1953-ஆம் ஆண்டுகளில் கைத்தறித் துணி தேங்கி, சென்னை மாநிலத்தில் நெசவாளர்க்குக் கஞ்சித் தொட்டி வைக்கும் நிலை வந்தது. முதலமைச்சராக இருந்த இராஜாஜி, வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். எதிரணியில் இருந்த காஞ்சிபுரத்து அறிஞர் அண்ணாவும் அவரது இயக்கத்தினரும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். கட்சி வேறு, ஆனால் நெசவாளியின் உலை கொதிக்க வேண்டுமானால் அவன் துணி விற்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து ஒன்றே. 1965-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், நெல்லை வாங்கிச் சேமித்து நாடெங்கும் அனுப்புவதற்கென இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் தலைமையகம் முதலில் சென்னையில்தான் இருந்தது. வணிகத்தில் தலையிடலாகாது என்று 1876-ஆம் ஆண்டில் மறுக்கப்பட்ட வேலையை, அதே சென்னையில் அரசாங்கமே ஏற்றுக்கொண்டது.

இதன் பயனை நம் கண் முன்னே கண்டோம். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்று வந்து ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, திருமணங்கள் நின்றன. பட்டுச் சேலைக்கு வாங்குவார் இல்லை. காஞ்சித் தறிகள் ஓய்ந்தன. கரும்பலகைக் கணக்கின் முதற்பாதி அப்படியே திரும்பி வந்தது. துன்பம் பெரிது; கடனும் பெரிது. ஆயினும் பங்கீட்டுக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைத்ததால் கணக்கின் மறுபாதி நிகழவில்லை. தாது வருஷத்துக்கும் 2020-க்கும் இடையே உள்ள வேறுபாடு மழையில் இல்லை; ஏற்பாட்டில் இருக்கிறது.

பஞ்சம் ஒழிந்தது என்பதால் பசி ஒழிந்துவிட்டது என்று எண்ண வேண்டா. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை. இந்திய அளவில் மூவரில் ஒருவருக்கும் மேல். உலகில் 2024-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 67 கோடிப் பேர் பசியோடு இருந்தனர் என்று ஐக்கிய நாடுகள் அவை மதிப்பிட்டது. அந்த ஆண்டு சூடானில் பஞ்சம் நிலவுவதாக அறிவிக்கப்பட்டது; அங்கே வழியை அடைத்தது போர்.

ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர்களுக்கு, அனுபவத்தால் நான் கண்ட இரண்டு செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, பஞ்சத்தைப் படங்காட்டி இரங்க வைப்பதோடு நிறுத்தாதீர்கள். தாது வருஷத்தில் ஹூப்பர் என்னும் படை அதிகாரி எலும்புந்தோலுமான மக்களை வரிசையாக அமர்த்திப் புகைப்படம் எடுத்தார். அப்படங்களைப் பார்க்கும் மாணவன் கண் கலங்குவான், மறுநாள் மறந்துவிடுவான். அரிசி என்ன விலை, கூலி எவ்வளவு, விதி வகுத்தவர் யார், மறுத்தவர் யார் என்று கேட்கப் பழகியவன் மறக்கமாட்டான்.

இரண்டாவது, இந்தப் பாடத்தை நடத்தும் வகுப்பிலேயே பசித்த பிள்ளை ஒன்று அமர்ந்திருக்கலாம். "காலையில் சாப்பிடாதவர் கை தூக்குங்கள்" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையும் கை தூக்காது. பசியினும் மானம் பெரிது. காமராஜர் காலத்தில் 1956-ஆம் ஆண்டில் மாநில அளவில் தொடங்கிய மதிய உணவும், 1982-ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-ஆம் ஆண்டில் வந்த காலை உணவும் அந்தக் கேள்வியையே தேவையற்றதாக்கின. எல்லோருக்கும் ஒரே பந்தியில் இலை போட்டால் பசித்தவன் எவன் என்று அறிய வேண்டியதில்லை. அமுதசுரபி காப்பியத்தில் வந்த பாத்திரம். பள்ளிச் சமையற்கூடத்தில் உள்ள பாத்திரம் தானாக நிறையாது. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கி நிரப்ப வேண்டியது. அதனை நிரப்புகிறார்களா என்று பார்த்துக்கொள்வது, நாளை வாக்காளர் ஆகப் போகும் உங்கள் கடமை.